கச்சிபௌலியில் கெட்டுப்போன எங்கள் ஏரி

எங்கள் ஏரியைப் பற்றிப் பேசுவதற்காக ஹைதராபாத்துக்குப் போய் வந்தேன். இந்த வாக்கியத்தை எழுதும்போதே எனக்கு எரிச்சல் வருகிறது. ஏரி இருப்பது பழவேற்காட்டில். முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே வந்து ஏறி இறங்குகிற தண்ணீர் அது. அந்தத் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க, கடல் காற்றே எட்டிப் பார்க்காத ஊருக்கு ராத்திரி முழுக்க ரயிலில் போக வேண்டியிருந்தது.

நான் பழவேற்காட்டில் பேருந்து நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனு எழுதித் தருவதும் உண்டு. கொஞ்ச நாள் முன்பு பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒரு வரைபடம் ஒட்டினார்கள். மாநில அரசின் துறை ஒன்று எங்கள் கரையையும் ஏரியையும் அளந்து, வகை பிரித்து, வகைக்கு ஒரு நிறம் கொடுத்திருந்தது. ஏரியின் கிழக்குப் பக்கம் முழுவதும் சிவப்பு. சிவப்பு என்றால் ‘சீர்கெட்ட நீர்ப்பரப்பு’ என்று ஓரத்தில் விளக்கம். சீர்கெட்டதைச் சீர்செய்வதற்காகத் தனியாருக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விடலாம் என்று கீழே ஒரு குறிப்பு.

அந்தச் சிவப்பில்தான் எங்கள் ஆட்களின் பாடு இருக்கிறது. பாடு என்றால் முறை. ஏரியில் எல்லா இடமும் ஒன்றில்லை. ஓரிடத்தில் இறால் கொட்டும், ஓரிடத்தில் வலையை நனைத்ததுதான் மிச்சம். அதனால் சீட்டுப் போட்டு, இன்றைக்கு இந்த இடம் உனக்கு, நாளைக்கு எனக்கு என்று மாற்றி மாற்றி வலை போடுவார்கள். இடத்துக்கும் பாடு என்றுதான் பெயர், முறைக்கும் அதே பெயர்தான். ஆண்பிள்ளைக்குக் கல்யாணமான பிறகுதான் தனிப் பாடு கிடைக்கும்.

என் அக்கா புருஷன் ஏழுமலை மாமாவின் மகன் குமாருக்கு ஆவணியில் கல்யாணம். பெண் வீட்டார் வந்து கேட்ட முதல் கேள்வியே பையனுக்குப் பாடு உண்டா என்பதுதான். உண்டு என்று மாமா மீசையைத் தடவிக்கொண்டு சொல்லியிருந்தார். வரைபடம் ஒட்டிய மறுவாரமே பெண்ணின் தகப்பனார் போன் செய்து, சிவப்பு விவகாரம் முடியட்டும், அப்புறம் பத்திரிகை அடிக்கலாம் என்று சொல்லிவிட்டார்.

சென்னையில் நாங்கள் ஏறாத படி இல்லை. ஒரு துறையில், மீன் எங்களுடையது, தண்ணீர் எங்களுடையது இல்லை என்றார்கள். தண்ணீர்த் துறையில், உப்புத் தண்ணீர் எங்கள் கணக்கில் வராது என்றார்கள். கரையைப் பார்க்கிற துறையில், நாங்கள் கரை மட்டும்தான், உள்ளே போவதில்லை என்றார்கள். ஒரே ஏரியை இப்படிக் கூறு போட்டு வைத்திருக்கிறவர்கள், குத்தகைக்கு விடும்போது மட்டும் எப்படி ஒன்றாய்க் கையெழுத்துப் போடுகிறார்களோ! கடைசியில் ஒரு எழுத்தர் இரக்கப்பட்டு உண்மையைச் சொன்னார். வரைபடம் போட்டது ஹைதராபாத்தில் உள்ள ஒரு தனியார் கம்பெனி. இறுதி செய்வதற்கு அதிகாரிகள் அங்கேதான் போகிறார்கள். சொல்வதை அங்கே போய்ச் சொல்லுங்கள்.

போனோம். மாமா ஒரு பை நிறைய சென்னாகுன்னி, அதாவது பொடி இறால் கருவாடு எடுத்துக்கொண்டார். யாருக்கு என்று கேட்டேன். “ஏரி கெட்டுப்போச்சின்னு எழுதிக்கிறான் இல்ல, அவன் மூஞ்சிக்கு நேரா கொட்டிக் காட்டத்தான்” என்றார்.

முதல் நாள் ஹைதராபாத்தில் மல்காஜ்கிரிப் பக்கம் தங்கினோம். என்னோடு படித்த புவனாவின் வீடு அது. அவள் கணவர் ரகு ரயில்வேயில் இருக்கிறார். பிறந்தது முதல் அங்கேயே இருப்பவர், அவருடைய தமிழில் பாதி தமிழ்தான். புவனா எங்கள் ஊர்த் தமிழைக் கொஞ்சமும் விடவில்லை. அவர்கள் மகள் ஸ்வாதி தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிறாள். எங்கள் ஊரும் ஆந்திர எல்லைதான், சந்தைத் தெலுங்கு எங்களுக்கும் புரியும். ஆனால் அந்தப் பெண் பேசுகிற வேகத்துக்கு மாமா சும்மா தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் ரகு எங்களை இரானி டீ குடிக்கக் கூட்டிப்போனார். டீ பாயசம் மாதிரி இருந்தது. தொட்டுக்கொள்ள உப்பும் இனிப்புமாய் ஒரு பிஸ்கட். மாமாவுக்குப் பிஸ்கட் பிடித்துப்போய் இன்னும் இரண்டு கேட்டார். கிளம்பும்போது, இங்கேயும் ஒரு ஏரி இருக்கிறது, பார்க்கிறீர்களா என்று ரகு கேட்டார். ஏரி என்றதும் மாமா டீக்கடைக்காரரிடம் சில்லறை வாங்கக்கூட நிற்கவில்லை.

கரையில் நடைபாதை, விளக்கு, செல்பி எடுக்க இதய வடிவத்தில் ஒரு வளைவு எல்லாம் இருந்தன. நடுவில் பச்சைப் பசேல் என்று ஆகாயத்தாமரை. தண்ணீர் தெரிந்த கொஞ்ச இடத்தில் வெள்ளை நுரை. அந்தப் பக்கம் அடுக்குமாடி வீடுகள் ஏரிக்குள் காலை நீட்டிக்கொண்டு நின்றன. ‘இது ஏரி எல்லை, ஆக்கிரமித்தால் தண்டனை’ என்கிற பலகை ஒரு வீட்டின் கார் நிறுத்துமிடத்துக்குள் இருந்தது.

இதை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று மாமா கேட்டார். ரகு சிரித்துவிட்டார். தண்ணீர் ஒரு துறை, தரை ஒரு துறை, நடைபாதை நகராட்சி, மீன் குத்தகை இன்னொரு துறை என்று விளக்கினார்.

“நுரை யாருது?” என்றார் மாமா.

“அது மட்டும் நக்கோ, வேணாம் மாமா. அத கேட்டா எல்லாரும் பக்கத்து ஆபீஸ காட்டுவாங்க.”

ஊர் மாறினாலும் கதை மாறவில்லை. நாற்றம் தாங்காமல் நடப்பவர்கள் மூக்கை மூடிக்கொண்டு நடந்தார்கள், ஆனாலும் நடந்தார்கள். இதை எந்த வரைபடத்திலாவது சீர்கெட்டது என்று சிவப்படித்திருக்கிறார்களா என்று ரகுவிடம் கேட்டேன். அழகுபடுத்தி முடித்த ஏரிகளின் வரிசையில் இருக்கிறதாம். அங்கேயே உட்கார்ந்து கத்த வேண்டும் போலிருந்தது.

மறுநாள் காலை புவனா காபி போட அடுப்பில் வைத்த பால் திரிந்துவிட்டது. ஸ்வாதி பாத்திரத்தை எட்டிப் பார்த்து, “மம்மி, பாலு பாடைப்போயிந்தி” என்று குரல் கொடுத்தாள். பால் கெட்டுப்போச்சாம் என்று நான் மாமாவுக்குச் சொன்னேன். அது தனக்கும் தெரியும் என்று முறைத்தார். வரக்காபி குடித்துவிட்டுக் கிளம்பினோம். அந்த வார்த்தையை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கம்பெனி இருக்கிற கச்சிபௌலிக்குப் போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது. ஓலைப்பெட்டியில் அடுக்கிய கருவாடு மாதிரி வண்டிகள். கார் ஓட்டி வந்தவர் கம்பெனிக்கு எதிர்ச் சாரியில் இறக்கிவிட்டு, அதோ அந்தக் கண்ணாடிக் கட்டடம்தான் என்று கை காட்டிவிட்டுப் போய்விட்டார். நடுவில் ஆறு மாதிரி சாலை. கடக்க வழியே இல்லை. எங்கள் ஏரியைப் படகில் எத்தனையோ தடவை கடந்தவர் மாமா, இந்தச் சாலையைக் கடக்கப் பயந்து என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஓர் ஆட்டோக்காரர் சுற்றோ சுற்று என்று சுற்றி எதிர்ப்பக்கம் கொண்டுவந்து விட்டார்.

வாசலில் காவலாளி கருவாட்டுப் பையைத் திறந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். “யே அந்தர் நக்கோ. கைக்கு லாயே?” என்றார். உள்ளே கூடாது, எதற்குக் கொண்டு வந்தாய் என்கிறார். இதுதான் எங்கள் சாட்சி என்று எந்த மொழியில் சொல்வது? சாட்சியை வாசலில் அவர் நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு உள்ளே போனோம்.

வரவேற்பில் இருந்தவர்களுக்கு நாங்கள் சொன்னது விளங்கவில்லை. தமிழ் தெரிந்தவர் என்று சொல்லி ஒரு பெண்ணை வரவழைத்தார்கள். பெயர் ரம்யா. அப்பா ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று சைனிக்புரியில் வீடு கட்டியவர், சொந்த ஊர் வேலூர்ப் பக்கம். இவளுக்குத் தமிழ் புரிகிறது, வாய்க்கு வருவதுதான் கஷ்டம். எங்கள் வரைபடம் போட்ட குழுவுக்கு இவள்தான் பொறுப்பு. வாங்க ஆன்ட்டி, வாங்க அங்கிள் என்று மரியாதையாகத்தான் அழைத்துப்போனாள். சண்டை போடுவதற்குத் தயாராக வந்த எனக்கு அதுவே ஏமாற்றமாக இருந்தது.

பெரிய திரையில் ஏரியைத் திறந்தாள். வானத்திலிருந்து பார்த்த ஏரி. மாமா திரையை ஒட்டிப் போய் நின்றார். அதோ நம்ம படகுத்துறை, அதோ கலங்கரை விளக்கம் என்று விரலால் தொட்டுக் காட்டினார். பிறகு ரம்யா ஏதோ தட்டினாள், அதன்மேல் சிவப்பு வந்து படிந்தது.

ஏன் சிவப்பு, தண்ணீரைச் சோதித்துப் பார்த்தீர்களா என்று நான் கேட்டேன். அது தங்கள் வேலை இல்லை என்றாள். துறையிலிருந்து ஆட்கள் படகில் போய் இடம் இடமாய் விசாரித்து இங்கிலீஷ் எழுத்தில் குறித்து அனுப்பினார்களாம். அதைப் பார்த்து இங்கே பையன்கள் வகை பிரித்தார்களாம். கிழக்குப் பக்கம் முழுக்க அந்த ஆட்கள் ஒரே வார்த்தையைத்தான் எழுதியிருந்தார்கள் என்று சொல்லி, அதைப் பெரிதாக்கிக் காட்டினாள்.

Padu. Padu. Padu. தண்ணீர் முழுக்க அதுதான்.

“ஆமா, பாடு. அது எங்க பாடுதாம்மா. அதுக்கு ஏன் செவப்பு?” என்றார் மாமா.

ரம்யா எங்களை விசித்திரமாகப் பார்த்தாள். “பாடு அன்டே... கராப் கதா அங்கிள். டேமேஜ். கெட்டு போச்சி.”

எனக்குக் காலையில் திரிந்த பால் ஞாபகம் வந்தது. பாடைப்போயிந்தி. தெலுங்கில் பாடு என்றால் கெட்டது, பாழ். வாழ்நாள் முழுக்கச் சந்தையில் அதைக் கேட்டவர்கள் நாங்கள். எங்கள் பாட்டையும் அந்தப் பாட்டையும் ஒருநாளும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. படகில் வந்தவன் இது என்ன இடம் என்று கேட்டிருப்பான். எங்கள் ஆள், பாடு என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருப்பான். இங்கே உட்கார்ந்திருந்த தெலுங்குப் பையன், ஐயோ பாவம், ஏரி முழுக்கக் கெட்டுவிட்டது என்று நினைத்துச் சிவப்படித்துவிட்டான்.

அந்தப் பையன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, இப்போதும் இல்லை. அவன் தன் மொழியில் சரியாகத்தான் படித்தான். ஆனால் இந்த வரைபடம் சென்னைக்குப் போயிருக்கிறது. தமிழ் பேசுகிற, தமிழ்நாட்டுச் சம்பளம் வாங்குகிற அதிகாரிகள் மேசை மேசையாகப் பார்த்திருக்கிறார்கள். ஊர் உலகத்துக்கே இறால் அனுப்புகிற ஏரி எப்படி ஒரேயடியாகக் கெட்டது என்று ஒருத்தருக்காவது கேட்கத் தோன்றியதா? ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று குத்தகைக் குறிப்பு மட்டும் எழுதத் தெரிந்திருக்கிறது. நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வருகிறது.

மாமா திரையைப் பார்த்தபடியே பாடு என்றால் என்ன என்று ரம்யாவுக்குச் சொன்னார். சீட்டு, முறை, நல்ல இடம், மோசமான இடம், குமார் கல்யாணம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் முகம் சின்னதாகிவிட்டது. சாரி அங்கிள் என்று இரண்டு தடவை சொன்னாள். மாற்றித் தருகிறாயா என்று நான் கேட்டேன். மாற்ற ஒரு நிமிடம் போதும், ஆனால் துறை அதிகாரி சொல்லாமல் கை வைக்கக் கூடாது, அவர் மாடியில்தான் இருக்கிறார் என்றாள்.

மாடியில் கூட்டம் முடிந்து சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. வரைபடம் போடச் சொன்ன துறையின் அதிகாரி, தமிழர், வெள்ளைச் சட்டைக்காரர், தட்டோடு நின்றார். அவர் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. நாங்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார், நடுவில் சிரித்தும் விட்டார். “அட, பாடுன்னு எழுதினத இப்படிப் படிச்சிட்டாங்களா? நல்ல தமாஷ்!” என்றார். மாமா சிரிக்கவில்லை. முதலில் சாப்பிடுங்கள் என்று எங்கள் கையிலும் ஆளுக்கொரு தட்டைக் கொடுத்தார். காரமாய்ப் பொரித்த மீன், அப்பல்லோ மீன் என்று பெயராம். மாமா ஒரு துண்டைப் பிட்டுப் பார்த்தார். முள் இல்லை, தோல் இல்லை, இன்ன மீன் என்று சொல்ல வாசனையும் இல்லை. தட்டை அப்படியே வைத்துவிட்டார்.

அதிகாரி எங்களோடு கீழே வந்து ரம்யாவின் பின்னால் நின்றார். சீர்கெட்டது என்பதை எடுத்துவிடலாம், ஆனால் வேறு எந்த வகையில் போடுவது என்று கேட்டார். அவள் வகைகளைத் திறந்து காட்டினாள். துறைமுகம் இருந்தது, உப்பளம் இருந்தது, சுற்றுலாப் படகு நிறுத்தம் இருந்தது, பறவைகளுக்கான இடம் இருந்தது. பறவைக்கு இடம் வைத்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆட்கள் முறை வைத்து மீன் பிடிக்கிற இடம் என்று மட்டும் எதுவுமே இல்லை. இத்தனை வருடமாக எங்கள் கரையை ஆளுகிற அரசாங்கத்தின் பட்டியலில் நாங்கள் செய்கிற வேலைக்கு ஒரு பெயர் இல்லை.

புதிதாக ஒரு வகை சேர்க்கலாமே என்று நான் கேட்டேன். அதற்குக் குழு கூட வேண்டும், மேலே ஒப்புதல் வேண்டும், இந்தச் சுற்றில் நடக்காது என்றார். “இது டெக்னிக்கல் விஷயம்மா. இப்போதைக்கு ‘மற்றவை’ல போட்டுடலாம். சிவப்பு போயிடும் இல்ல?”

ரம்யா தட்டினாள். சிவப்பு போய்விட்டது. மற்றவைக்கு அவர்கள் வைத்திருந்த நிறம் வெள்ளை. ஏரியைச் சுற்றி வரைபடத்துக்கு வெளியே கிடந்த வெற்றுத்தாளும் வெள்ளை. கிழக்குப் பக்கம் ஏரி எங்கே முடிகிறது, காகிதம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

“ஏரி எங்கம்மா?” என்று மாமா ரம்யாவைக் கேட்டார்.

மற்றவையைக் குத்தகைக்கு விட முடியுமா என்று நான் அதிகாரியிடம் கேட்டேன். எதையும் இப்போது சொல்ல முடியாது, அது அப்போதைய தேவையைப் பொறுத்தது என்றார். பிறகு ஒரு தாளை நீட்டினார். மீனவர் தரப்பு நேரில் வந்து, குறை சரிசெய்யப்பட்டதை ஏற்றுக்கொண்டது என்று அதில் இருந்தது. மாமா அதை என்னைப் படிக்கச் சொல்லி முழுதும் கேட்டார். பேனாவை வாங்கி மூடியைப் போட்டு, அதிகாரியின் சட்டைப் பையிலேயே செருகினார்.

“சார், கெட்டுப்போச்சின்னு எழுதினீங்க, சண்டைக்கு வந்தோம். இப்ப இல்லவே இல்லைன்னு எழுதிட்டு கையெழுத்து கேக்கறீங்க” என்றார். குரலை உயர்த்தவில்லை. நான் உயர்த்தினேன். என்னென்ன சொன்னேன் என்று இங்கே எழுதினால் அச்சில் ஏறாது. அந்தக் கண்ணாடிக் கட்டடத்தில் எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் திருப்திதான்.

ரம்யா வாசல் வரை வந்தாள். காவலாளியின் நாற்காலிக்கு அடியிலிருந்து மாமா பையை எடுத்து அவள் கையில் கொடுத்தார். வறுத்து, வெங்காயம் போட்டு, உங்கள் அப்பாவுக்குக் கொடு, எந்த ஏரியில் பிடித்தது என்று சொல்லிக் கொடு என்றார். அவள் சரி என்பதற்கு ஹவ் அங்கிள் என்று சொல்லி வாங்கிக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. அவள் கலங்கி என்ன பிரயோசனம், கலங்க வேண்டியவர் காபி குடிக்க மாடிக்குத் திரும்பிப் போயிருந்தார்.

அன்று சாயங்காலமே ரயில் ஏறினோம். புவனா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றை மாமா தொடவில்லை. பெண் வீட்டாருக்கு என்ன சொல்வது என்று ஒரே ஒரு தடவை கேட்டார். ஊருக்குப் போனதும் எழுத வேண்டிய மனுக்களை மனசுக்குள் எழுத ஆரம்பித்தேன், ஒவ்வொன்றும் வசவில் போய்த்தான் முடிந்தது.

வண்டி நகரத்தைத் தாண்டியதும் மாமாவின் தம்பி சேகர் போனில் வந்தார். மாமாவுக்குப் போன் காதில் வைத்தால் கேட்காது, ஸ்பீக்கரில் போட்டார். நாளைக்கு நமக்குக் கிழக்குப் பக்கம் பாடு வருகிறது, ஆனால் அளக்கிற ஆட்கள் திரும்ப வருவதாகப் பேச்சு, வலையை எடுத்துக்கொண்டு போவதா வேண்டாமா என்று சேகர் கேட்டார். போன காரியம் என்ன ஆச்சு என்றும் கேட்டார்.

மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“போடா. நம்ம பாடு, நம்ம போவாம யாரு போறது? குமாரையும் கூட்டிக்கினு போ. எவனாச்சும் வந்து யார்ரா நீங்கன்னு கேட்டா, உங்க மேப்புல மத்தவங்கன்னு எழுதிக்குதே, அது நாங்கதான்னு சொல்லு.”